பெரிய மீன் டேங்க்குக்கு அழுக்கு பிடிக்கிற ஃபில்டர் எது வாங்குறது? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் வில்லிவாக்கத்துல இருக்கேன், செகண்ட் ஃப்ளோர், ஹால்ல 6க்கு 2க்கு 2 அடி டேங்க், உள்ள நாலு ஆஸ்கார் மீன், கொஞ்சம் சில்வர் டாலர் மீன். ஞாயித்துக்கிழமை ஆனா கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைங்க பக்கம் ஒரு ரவுண்டு போறது பழக்கம், அங்க கடையில நிக்கும்போதே நாலு பேர் "ப்ரோ எந்த ஃபில்டர் போட்டிருக்கீங்க, தண்ணி எப்பவும் கலங்கலாவே இருக்கு"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். இது 4 அடிக்கு மேல உள்ள டேங்க் வச்சிருக்கறவங்களுக்கு மட்டும். ஒன்றரை அடி தொட்டியில கப்பி வளர்க்கறவங்க ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க.

மெக்கானிக்கல் ஃபில்டர்னா என்ன? பயோ ஃபில்டர்னு வேற சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணா?

ஒண்ணு இல்ல. மெக்கானிக்கல்னா கண்ணுக்குத் தெரியற அழுக்க பிடிச்சு நிறுத்துறது, அதாவது மீன் கழிவு, சாப்பிடாம விட்ட பெல்லட் தீனி, அழுகின இலை. பயோங்கறது கண்ணுக்குத் தெரியாத அமோனியாவ பாக்டீரியா தின்னு முதல்ல நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்துறது. ஸ்பாஞ்சு ரெண்டு வேலையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும், அதனாலதான் குழப்பம்.

ஆனா ஒரு விஷயம் நிறைய பேருக்கு புரியறதே இல்ல. டீ வடிகட்டி இருக்கு இல்ல, அதுல தூள் நின்னுடுது, சரி. அந்தத் தூள கொட்டாம அது மேலயே அதே டீய திரும்பத் திரும்ப ஊத்திட்டே இருந்தா என்ன ஆகும்? கசப்பு பூரா டீயிலதான் இறங்கும். ஃபில்டருக்குள்ள நிக்கற அழுக்கும் அப்படித்தான், கண்ணுல இருந்து மறைஞ்சுதே தவிர தண்ணிய விட்டு வெளிய போகல, அங்கயே ஊறி அழுகி அமோனியாவா திரும்ப டேங்க்குக்கே வருது. வெளிய எடுத்துக் கொட்டுறது நீங்கதான், மிஷின் இல்ல. அதனால "எது பவர்ஃபுல்"னு பாக்காதீங்க, "எத நான் சோம்பேறித்தனம் படாம திறந்து கழுவுவேன்"னு பாத்து வாங்குங்க. கீழ நான் சொல்ற எல்லா பதிலும் இத வச்சுதான்.

என் டேங்க்குக்கு எத்தனை லிட்டர் மோட்டார் வேணும்?

முதல்ல டேங்க் எத்தனை லிட்டர்னு கணக்கு போடுங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் அடியில பெருக்கி 28.3ஆல பெருக்கினா லிட்டர். என்னோடது 24 கன அடி, 680 லிட்டர் கிட்ட. மணலு, கட்டை, மேல விடற இடைவெளி எல்லாம் போக உண்மையா 600தான் நிக்கும்.

சின்ன மீனா, அதுவும் கம்மியா இருக்கற டேங்க்னா மணிக்கு 5, 6 தடவ தண்ணி சுத்தினா போதும். ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன், பேரட், கோல்டு ஃபிஷ் மாதிரி தின்னுட்டு தின்னுட்டு போடற கோஷ்டினா 8லேர்ந்து 10 தடவ. அப்போ எனக்கு மணிக்கு 5000, 6000 லிட்டர் வேணும்.

இங்கதான் ஏமாறுவீங்க. பாக்ஸ் மேல போட்டிருக்கற நம்பர் உயரமே ஏத்தாம, ஸ்பாஞ்சே இல்லாம ஓட்டினா வர்றது. பக்கத்துலயே ஹெச்-மேக்ஸ்னு ஒண்ணு போட்டிருப்பான், அந்த உயரத்துல தண்ணி சுத்தமா நின்னுடும்னு அர்த்தம். ஹெச்-மேக்ஸ் 3 மீட்டர் உள்ள மோட்டார்ல ஒன்றரை மீட்டர் ஏத்தினா ஏறக்குறைய பாதிதான் வரும். கம்பெனிக்காரனே ஒத்துக்கற கணக்கும் உண்டு, ஃப்ளூவல் எஃப்எக்ஸ்6 கேனிஸ்டர (டேங்க்குக்கு வெளிய வைக்கற மூடின டப்பா ஃபில்டர்) எடுத்துக்கோங்க, பம்ப் மட்டும்னா மணிக்கு 3500 லிட்டர், மீடியா, அதாவது உள்ள வைக்கற ஸ்பாஞ்சு, செராமிக் எல்லாம் போட்டு ஓடறப்போ 2130ன்னு ரெண்டு நம்பரும் அவங்களே குடுத்திருக்காங்க. நல்ல கம்பெனியே இப்படின்னா பேர் தெரியாத மோட்டார் பாக்ஸ்ல எழுதினத என்னன்னு நம்பறது.

வீட்டுலயே செக் பண்ணலாம். தண்ணி ஃபில்டர்லேர்ந்து டேங்க்குக்கு திரும்ப வர்ற ரிட்டர்ன் பைப்ப, டேங்க்குல இருக்கற அதே உயரத்துல பிடிச்சு ஒரு 15 லிட்டர் பக்கெட்டுல விடுங்க, மொபைல்ல டைமர் போடுங்க. 15 செகண்டுல ரொம்பிச்சுனா மணிக்கு 3600. 30 செகண்ட் ஆச்சுனா 1800. ஃபில்டர் கழுவறதுக்கு முன்னாடி ஒரு தடவ, கழுவின பிறகு ஒரு தடவ பாருங்க, அந்த வித்தியாசம் உங்கள உக்கார வச்சு யோசிக்க வைக்கும்.

டாப் ஃபில்டர், கேனிஸ்டர், சம்ப், மூணுல எது?

டேங்க் மேலயே உக்கார்ற டாப் ஃபில்டர நம்ம ஆளுங்க ரொம்ப கேவலமா பாக்கறாங்க, காசு கம்மிங்கறதால. எனக்கு அது மேல மரியாதை உண்டு. மூடிய தூக்கினா பஞ்சு கண்ணு முன்னாடி இருக்கு, எடுத்து அலசிப் போட ரெண்டு நிமிஷம். மாடியிலேர்ந்து மழைத்தண்ணி இறங்கற பெரிய பிவிசி பைப்ப வெட்டி அதுலயே டாப் ஃபில்டர் செஞ்சு 5 அடி டேங்க் ஓட்டறவங்கள எனக்குத் தெரியும், தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. குறைன்னா மோட்டார் டேங்க்குக்குள்ள உக்காந்து மீன் கழிவ முதல்ல மிக்ஸியில போட்ட மாதிரி அரைச்சுட்டு அப்புறம்தான் பஞ்சுக்கு அனுப்பும், அரைச்ச அழுக்கு பொடியாயிடும், பொடிய பிடிக்கறது கஷ்டம். மோட்டார் வாயில பெரிய ஓட்டை உள்ள ஸ்பாஞ்சு ஒண்ண மாட்டினா பாதி பிரச்சனை போயிடும்.

கேனிஸ்டர் பாக்க அழகு, சத்தம் இல்ல, கேபினட்டுக்குள்ள மறைஞ்சுடும். அந்த மறையறதுதான் வம்பே. வால்வ மூடி, பைப்ப கழட்டி, 15, 20 கிலோ டப்பாவ பாத்ரூமுக்கு தூக்கிட்டுப் போய், ஒவ்வொரு தட்டா எடுத்து கழுவி, ஓ-ரிங்குக்கு (மூடியில இருக்கற ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் தடவி திரும்ப மாட்டணும். முதல் மாசம் வாரா வாரம் செய்வீங்க, மூணாவது மாசம் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னு ஆயிடும். இத நான் மத்தவங்கள பாத்து சொல்லல, என்னையே பாத்து சொல்றேன், ஒரு தடவ நாலு மாசம் கழிச்சு திறந்தேன், உள்ள இருந்த சேறு கூவத்துக்கு சொந்தக்காரன் மாதிரி இருந்துச்சு, பாத்ரூம் வாடை போக ரெண்டு நாள் ஆச்சு. கேனிஸ்டர்தான் வேணும்னா ஒரு பெருசுக்கு பதில் ரெண்டு நடுத்தரமா வாங்குங்க, மாத்தி மாத்தி கழுவலாம். கூடவே உறிஞ்சற பைப்போட வாயில ப்ரீ-ஃபில்டர் ஸ்பாஞ்சு கட்டாயம். பெரிய அழுக்கு அங்கயே நின்னுடும், அத வாரம் ஒரு தடவ உருவி பக்கெட்டுல பிழிஞ்சா போதும். 150, 200 ரூபா ஸ்பாஞ்சு, அவ்ளோதான்.

சம்ப்னா வீட்டு வாசல்ல மூடி போட்டு இருக்குமே, மெட்ரோ வாட்டர் இறங்கற சம்ப், அது இல்ல, டேங்க்குக்கு கீழ வைக்கற இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேல இருந்து தண்ணி தானா வழிஞ்சு கீழ வந்து, பஞ்சு, ஸ்பாஞ்சு, பாக்டீரியா குடியிருக்கற பயோ மீடியா எல்லாம் தாண்டி கடைசியா மோட்டாருக்கு போகும். அழுக்கு அரைபடாம முழுசா பஞ்சுக்கு வருது, மோட்டாருக்கு சுத்தமான தண்ணி போகுது, பஞ்சு கேபினட் கதவ திறந்த உடனே கைக்கு எட்டற தூரத்துல. 6 அடி டேங்க்குக்கு என் ஓட்டு சம்ப்புக்குதான். டேங்க் இன்னும் செய்யல, ஆர்டர் குடுக்கப் போறீங்கன்னா யோசிக்கவே வேணாம், தண்ணி கீழ வழியறதுக்கு ஓட்டை போட்டு வாங்கிடுங்க. தண்ணி ரொப்பி ஓடிட்டு இருக்கற டேங்க்குல ஓட்டை போடற ஆசை மட்டும் வேணாம், டஃபன்டு கண்ணாடின்னா ட்ரில் வச்ச உடனே மொத்தமும் சில்லு சில்லா போயிடும்.

சம்ப் வச்சா கரண்ட் போகும்போது ஹால் நனைஞ்சுடும்னு பயமா இருக்கே?

பயப்பட வேண்டிய விஷயம்தான், நானே நனைச்சிருக்கேன். கணக்கு சிம்பிள். 6க்கு 2 டேங்க்குல ஒரு இஞ்ச் தண்ணி இறங்கினா சரியா ஒரு கன அடி, 28 லிட்டர். மோட்டார் நின்ன உடனே ரிட்டர்ன் பைப் வழியா தண்ணி ரிவர்ஸ்ல சைஃபன் ஆகி கீழ வரும், பைப் வாய் தண்ணிக்குள்ள எவ்ளோ ஆழமா இருக்கோ அவ்ளோ தூரம் இறங்காம நிக்காது. எனக்கு செஞ்சு குடுத்தவர் பைப்ப 4 இஞ்ச் ஆழத்துல விட்டுட்டு போயிட்டார், நானும் கவனிக்கல. சம்ப்ல காலியா இருந்த இடம் 60 லிட்டர், வந்தது 110க்கு மேல. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு, ஃபேன் நின்னதுல முழிச்சு கால கீழ வச்சா சளக்னுது. கீழ் வீட்டு அக்கா காலையில வந்து "தம்பி எங்க சீலிங்ல ஏதோ சொட்டுதுப்பா"ன்னு கேட்டப்போ என்ன சொல்றதுன்னே தெரியல.

இப்போ ரிட்டர்ன் வாய் தண்ணி மட்டத்துக்கு முக்கா இஞ்ச் கீழதான். சில பேர் பைப்ல சின்ன ஓட்டை போடுவாங்க, காத்து இழுத்து சைஃபன் உடையும், நல்ல ஐடியாதான், ஆனா பாசி வந்து அந்த ஓட்டை அடைச்சுக்கும், அப்பப்போ குச்சி விட்டு பாக்கணும். தண்ணிய ஒரு பக்கம் மட்டும் விடற செக் வால்வ மட்டும் நம்பாதீங்க, ஒரு குட்டி நத்தை மாட்டினா போதும் அது மூடாது. எல்லாம் செட் பண்ணி முடிச்சதும் நீங்களே சுவிட்ச ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் சம்ப் பக்கத்துல உக்காந்து பாருங்க, தண்ணி எங்க வந்து நிக்குதோ அங்க மார்க்கர்ல கோடு போடுங்க. ஓடும்போது மட்டம் எங்க இருக்கணும்னும் இன்னொரு கோடு, அதுக்கு மேல என்னிக்கும் ரொப்பக் கூடாது.

இதுக்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கு. மேல வழியற பைப்ப ஒரு இலையோ செத்த மீனோ அடைச்சுட்டா மோட்டார் சம்ப்ல இருக்கற தண்ணிய பூரா மேல ஏத்தி டேங்க் வழியும். அதனால மோட்டார் இருக்கற அறைய சின்னதா வைங்க, எமர்ஜென்சிக்கு ரெண்டாவது வழியற பைப் ஒண்ணு சும்மா நிக்கட்டும்.

பஞ்சு எது போடலாம்? தலகாணி பஞ்சு போடலாமா?

போடலாம், ஆனா பாலியஸ்டர் பஞ்சா இருக்கணும், வாசனை, கெமிக்கல் எதுவும் சேர்க்காதது. நானும் மொத்தமா வாங்கி வச்சு பிச்சுப் பிச்சுதான் போடறேன், கடையில "ஃபில்டர் பஞ்சு"ன்னு பாக்கெட்டுல விக்கறதும் ஏறக்குறைய அதேதான். இலவம் பஞ்சு, பருத்திப் பஞ்சு வேணவே வேணாம், நனைஞ்சதும் கட்டியாயிடும், அப்புறம் அழுகும். வீட்டுல பழைய மெத்தை பிரிச்சது இருக்குன்னு ஒருத்தர் போட்டார், மூணாவது நாள் போன் வந்துச்சு.

வரிசைதான் முக்கியம், பெரிய ஓட்டை முதல்ல, சின்ன ஓட்டை கடைசில. ஸ்பாஞ்சுல பிபிஐன்னு சொல்வாங்க, ஒரு இஞ்ச்சுல எத்தனை ஓட்டைன்னு. 10, 20 முதல்ல, 30 அடுத்து, அப்புறம் வெள்ளைப் பஞ்சு, அதுக்கும் அப்புறம்தான் செராமிக் ரிங்கு, பயோ பால் எல்லாம். தலைகீழா பஞ்ச முதல்ல வச்சா ஒரே நாள்ல அடைச்சு தண்ணி பஞ்சுக்குள்ள போகாம பைபாஸ்ல ஓடும், பின்னாடி இருக்கற ஸ்பாஞ்சும் சுத்தமாவே இருக்கும், நீங்களும் "அடடா அழுக்கே இல்ல"ன்னு சந்தோஷப்படுவீங்க.

சாக், ரோலர், டிரம் ஃபில்டர் எல்லாம் தேவையா?

சாக்னா 100 இல்ல 200 மைக்ரான் துணிப்பை, சம்ப் வாயில தொங்கவிடறது. தலைமுடி கனம் 70 மைக்ரான் கிட்டன்னு வச்சுக்கோங்க, அப்போ எவ்ளோ பொடியா பிடிக்கும்னு புரியும். தண்ணி சூப்பரா ஆகும், ஆனா ஆஸ்கார் டேங்க்குல மூணு நாள்ல அடைச்சு மேல வழியும். ஏழெட்டு வாங்கி வச்சு மாத்தி மாத்தி போடணும், வாஷிங் மிஷின்ல சோப்பு போடாம ஓட்டலாம், வீட்டுல யாரும் பாக்காத நேரமா பாத்து. ரோலர்ல சுருட்டி வச்ச ஃபில்டர் துணி அடைச்சு மட்டம் ஏறினதும் மோட்டார் தானா புதுத் துணிய இழுத்துக்கும், அழுக்கு தண்ணிய விட்டே வெளிய போயிடுது, நான் மேல சொன்ன டீ வடிகட்டி பிரச்சனைக்கு நேரடி பதில் இதுதான். ஆனா ரோல் தீர தீர காசு. டிரம் தானே சுத்தி தானே கழுவிக்கும், பெரிய கோய் குளத்துக்கு நியாயம், ஹால்ல வைக்க சத்தமும் ஜாஸ்தி விலையும் ஜாஸ்தி. காசு இருந்து நேரம் இல்லாதவங்க ரோலர் போடுங்க. எனக்கு ரெண்டும் சுமார்தான், அதனால பஞ்சு.

எத்தனை நாளைக்கு ஒரு தடவ, எந்தத் தண்ணியில கழுவணும்?

வெள்ளைப் பஞ்சு வாரத்துக்கு ரெண்டு தடவ, அத குழாய்த் தண்ணியிலயே அலசலாம், நாலஞ்சு தடவ அலசினதும் தூக்கிப் போட்டுடுங்க. பெரிய ஸ்பாஞ்ச தண்ணி மாத்தும்போது வெளிய எடுத்த டேங்க் தண்ணியில பிழியுங்க, மெட்ரோ வாட்டர்ல குளோரின் இருக்கும், அது ஸ்பாஞ்சுல குடியிருக்கற பாக்டீரியாவ கொன்னுடும். செராமிக் ரிங்க மாசக்கணக்கா தொடவே வேணாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல தேச்சு தேச்சு கழுவினா அடுத்த மூணு நாள்ல தண்ணி பால் மாதிரி ஆகும், மீன் மேல வந்து வாய் பொளக்கும்.

புது ஃபில்டர் போட்டும் தண்ணி கலங்கலாவே இருக்கே?

என்ன கலர்னு சொல்லுங்க முதல்ல. பச்சைன்னா அது மிதக்கற பாசி, ஸ்பாஞ்சு ஓட்டை வழியா சிரிச்சுட்டே போயிடும், யூவி லைட் போடணும், இல்ல ஜன்னல் வெயில மறைக்கணும். வெள்ளைன்னா பாக்டீரியா பெருகியிருக்கு, தீனிய குறைங்க, பொறுங்க. டீ கலர்னா கட்டையிலேர்ந்து இறங்கற சாயம், ஆக்டிவேட்டட் கார்பன் எடுக்கும், இல்ல அப்படியே விடுங்க, மீனுக்கு ஒண்ணும் ஆகாது. போர் தண்ணி ஊத்தின மறுநாள் செம்மண் கலர் வந்துச்சுன்னா இரும்பு, காத்து பட்டதும் துருவா மாறி நிக்குது, அத டிரம்முல ஒரு நாள் ஏர் ஸ்டோன் போட்டு வச்சு தெளிய விட்டு ஊத்துங்க. தூள் தூளா மிதந்தா மட்டும்தான் மெக்கானிக்கல் ஃபில்டர் பிரச்சனை.

மிதக்காம ஒரு மூலையில மட்டும் குவியுதுன்னா ஃபில்டர குத்தம் சொல்லாதீங்க, அழுக்கு ஃபில்டர் வாய்க்கு வரவே இல்ல. தண்ணிய தள்ளி விடற சின்ன வேவ்மேக்கர் ஒண்ண எதிர்ப்பக்கம் தரைய பாத்து சாய்ச்சு வச்சுப் பாருங்க.

சக்கர் ஃபிஷ் விட்டா சுத்தமா இருக்கும்னு கடையில சொன்னாங்க

"டேங்க் கிளீனர்"னு பேர் வச்சே வித்துடறாங்க. அது பாசியத் தின்னு நூல் நூலா போடற கழிவு ஆஸ்கார் போடறதுக்கு சளைச்சது இல்ல, ஒரு அடிக்கு மேல வளரும். வளர்ந்ததும் ஏரியில கொண்டு விடாதீங்க, ஏற்கெனவே நம்ம ஊர் நீர்நிலைகள்ல அது பெருகி நாட்டு மீன்கள துரத்திட்டு இருக்கு.

கரண்ட் நாலஞ்சு மணி நேரம் போச்சுன்னா?

2016 வர்தா புயலப்போ எங்க தெருவுல நாள் கணக்கா கரண்ட் இல்ல, அப்போ கத்துக்கிட்டது இது. சம்ப், டாப் ஃபில்டர்ல மீடியாவுக்கு காத்து படும், கொஞ்சம் தாங்கும். கேனிஸ்டர் மூடின டப்பா, உள்ள இருக்கற ஆக்சிஜன் தீர்ந்து அழுக்கு அழுக ஆரம்பிச்சுடும். கரண்ட் வந்ததும் அது தானா ஓடி அந்த நாத்தத் தண்ணிய டேங்க்குல கக்கும். அதனால ரொம்ப நேரம் போச்சுன்னா பிளக்க உருவிடுங்க, திறந்து உள்ள தண்ணிய கொட்டி அலசிட்டு அப்புறம் ஓட்டுங்க. நம்ம ஊர் மே மாசம் டேங்க் தண்ணி 32 டிகிரி போகும், அந்த சூட்டுல லிட்டருக்கு 7.3 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், 25 டிகிரியில 8.2 கரையும். இருக்கறதே கம்மி, அதுல அழுகற அழுக்கும் பங்கு கேக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வீட்டுல இருக்கட்டும், கரண்ட் போனா தீனியும் போடாதீங்க.

கரண்ட் பில் எவ்ளோ ஏறும்?

40 வாட்ஸ் மோட்டார் 24 மணி நேரமும் ஓடினா ரெண்டு மாச பில்லுல 58 யூனிட் கிட்ட. ஃப்ரீயா கிடைக்கற யூனிட்ல ஒரு நல்ல பங்க மீனே தின்னுடும். வாட்ஸ் பாத்து வாங்குங்க, ஒரே லிட்டர் குடுக்கற ரெண்டு மோட்டார்ல ஒண்ணு இன்னொண்ண விட டபுள் இழுக்கும்.

செகண்ட் ஹேண்ட் கேனிஸ்டர் வாங்கலாமா?

வாங்கலாம். ஓ-ரிங்க விரல்ல வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா அந்த மாடலுக்கு புது ஓ-ரிங் கிடைக்குதான்னு கேட்டுட்டு விலை பேசுங்க. மூடி கிளிப்பு நாலும் இறுக்கமா பிடிக்கணும், இம்பெல்லர் (மோட்டாருக்குள்ள சுத்தற விசிறி) தண்டு உடையாம இருக்கணும். வீட்டுக்கு கொண்டு வந்த அன்னிக்கே கேபினட்ல வைக்காதீங்க, பாத்ரூம்ல ஒரு டிரம்முல தண்ணி ரொப்பி, கீழ நியூஸ் பேப்பர் விரிச்சு அது மேல கேனிஸ்டர வச்சு ஒரு ராத்திரி பூரா ஓட்டுங்க. காலையில பேப்பர் காஞ்சு கிடந்தா ஹாலுக்கு எடுத்துட்டு வாங்க.